தந்தையரைப் போற்றுவோம்: ஆடி அமாவாசையும் செப்டெம்பர் ஞாயிறும்

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் இந்நாட்டுக் கடைகளில் ஒரு மாற்றம் தென்படும். கழுத்துப்பட்டிகள், காலுறைகள், சவர உபகரணங்கள், துளையிடும் கருவிகள் என்பன முன்வரிசைக்கு வந்துவிடும். அவுஸ்திரேலியாவில் செப்டெம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். ஏனைய பல நாடுகள் ஜூன் மாதத்தில் கொண்டாடும் இத்தினத்தை இந்நாடும் அயல்நாடான நியூசிலாந்தும் செப்டெம்பரில் கொண்டாடுகின்றன. பாடசாலைகளில் எமது பிள்ளைகளும் வண்ணத்தாளில் வாழ்த்து மடல் செய்து கொண்டுவருகிறார்கள். தந்தையரும் அதனைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து மகிழ்கிறார்கள். இதில் தவறேதும் இல்லை.

ஆயினும், வார இறுதித் தமிழ்ப் பாடசாலையொன்றில் நாம் தொண்டராகக் கற்பிக்கும் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று கேட்ட கேள்வி எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. “சேர், எங்கட ஆக்களுக்கு அப்பா நாள் எண்டு ஒண்டு இல்லையோ?” என்று அவள் கேட்டாள். “ஏன் இல்லை? இருக்கிறது” என்று பெருமையோடு கூறி, ஆடி அமாவாசையின் மகிமையை அரைமணி நேரம் விளக்கினோம். அனைத்தையும் கவனமாகக் கேட்ட அப்பிள்ளை, “அது செத்துப்போன அப்பாமாருக்கு. உயிரோட இருக்கிற அப்பாமாருக்கு எது நாள்?” என்றாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, “என்ர அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை” என்றாள்.

பல ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்ற நாம் அன்று விடையின்றி நின்றோம். அந்தப் பிள்ளைக்கும், அவளைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற வாசகர்களுக்கும் நாம் சொல்ல விரும்பும் விடையே இது.

எமது தந்தையர் நாள்

மறைந்த தாயாருக்குச் சித்திரா பௌர்ணமி, மறைந்த தந்தைக்கு ஆடி அமாவாசை என வகுத்து விரதம் காப்பது ஈழத்துச் சைவமக்களின் நெடுங்கால வழக்கம். யாழ்ப்பாணத்தில் அன்று விடியுமுன்னரே மக்கள் கீரிமலையை நோக்கிப் புறப்படுவர். கடலோரத்தில் ஊறும் அந்த நன்னீர்க் கேணியில் நீராடி, எள்ளும் நீரும் இறைத்து, நகுலேஸ்வரப் பெருமானை வணங்கி மீள்வர். மாவிட்டபுரம் கந்தசுவாமியும் தமது மகோற்சவத்தின் நிறைவாக அன்றுதான் கீரிமலைக்குத் தீர்த்தமாட எழுந்தருளுவார். கிழக்கே மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்திலும், திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்திலும் ஆடி அமாவாசையே தீர்த்தத் திருநாள். அன்று வீட்டில் தந்தைக்கு விருப்பமான கறிவகைகளோடு காத்தோட்டிக்காயும் சமைக்கப்படும். அதன் கசப்பை முகம் சுளிக்காமல் உண்ண வேண்டும் என்று மூத்தோர் சொல்வர். காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே விரதகாரர் உணவில் கைவைப்பர்.

இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐந்து கடமைகளை வரிசைப்படுத்திய வள்ளுவர், தெய்வத்துக்கும் முன்னதாகத் தென்புலத்தாரை வைத்தார் என்பதை வாசகர்கள் அறிவர். தென்புலத்தார் எனப்பட்டவர் இறந்துபோன முன்னோர். அவர்களை நினையாதவன் தெய்வத்தைத் தொழுவதில் பொருளில்லை என்று எமது முன்னோர் கருதினர் போலும்.

எமக்குப் பத்து வயதளவில், 1980களின் முற்பகுதியில், தந்தையாரோடு கீரிமலைக்குச் சென்ற ஆடி அமாவாசை ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. எமது தந்தையார் கண்டிப்பானவர். வீட்டில் அவர் குரல் கேட்டால் நாம் புத்தகத்தை விரித்துக்கொள்வோம். அன்று ஈர வேட்டியோடு, கைகளில் நீரை ஏந்தி, தம் தந்தையின் பெயரை உச்சரித்தபோது அவருடைய உதடுகள் நடுங்கின. அவருக்கும் ஒரு தந்தை இருந்தார், அவரும் ஒருவருடைய பிள்ளையாய் இருந்தார் என்பது அந்தக் கணத்தில்தான் எமக்கு விளங்கிற்று. சமயம் பற்றி அவர் எமக்கு ஒரு சொற்பொழிவும் செய்ததில்லை. எனினும் நாம் கற்ற சமய பாடங்களில் முதலாவது அதுவே.

1990 ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். கீரிமலை உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. ஒரு தலைமுறை மக்கள் தம் தந்தையருக்கு அங்கே நீர் இறைக்க முடியாதவராயினர். எமது தந்தையார் 1997இல் வன்னியில், இடம்பெயர்ந்த வாழ்வில், ஓலைக்கொட்டில் ஒன்றில் காலமானார். அவருடைய அஸ்தியைக் கீரிமலையில் கரைக்க இயலவில்லை. முல்லைத்தீவுக் கடலில் கரைத்தோம். கடல் ஒன்றுதான் என்று எம்மைத் தேற்றினார்கள். அதே தேறுதலோடுதான் இன்று பசுபிக் சமுத்திரத்தின் கரையில் நின்று எள்ளும் நீரும் இறைக்கிறோம்.

தோளில் சுமந்தவர்கள்

சமயத்துக்கும் குடும்பத்துக்கும் தந்தை காவலர் என்று நாம் சொல்லும்போது, பிரம்போடு வாசலில் நிற்கும் ஒருவரை மனத்தில் கொள்ளலாகாது. எமது மரபு காட்டும் தந்தை வேறு விதமானவர்.

திருஞானசம்பந்தரின் கதையை எடுத்துக்கொள்வோம். சீர்காழித் திருக்குளத்தில் தந்தையார் சிவபாத இருதயர் நீரில் மூழ்கியிருக்க, கரையில் நின்ற மூன்று வயதுக் குழந்தை அழுதது. உமையம்மை ஞானப்பால் ஊட்டினார். வாயில் பால் வடியக் கண்ட தந்தை, யார் கொடுத்த பாலை உண்டாய் என்று கோலை ஓங்கினார். பிள்ளை வானைச் சுட்டிக்காட்டிப் பாடியது. இதுவரை அனைவரும் அறிந்த கதை. அதற்குப் பிறகு நிகழ்ந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. கோலை ஓங்கிய அதே தந்தை, பிள்ளையின் அருளைக் கண்டதும் கோலை விட்டுவிட்டு, பிள்ளையைத் தம் தோளில் சுமந்துகொண்டு தலந்தோறும் நடந்தார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறுகிறார். திருஅரத்துறையில் முத்துச் சிவிகை அருளப்படுவதற்கு முன்னர் அந்தத் தோள்தான் சம்பந்தருக்கு வாகனம். பாடியவர் பிள்ளை. சுமந்தவர் தந்தை.

எமது கிறிஸ்தவ சகோதரர்களுக்குப் புனித சூசையப்பர் இருக்கிறார். அவர் பெயரிலேயே எம்மவர் ‘அப்பர்’ என்ற சொல்லைச் சேர்த்து வழங்குவது எவ்வளவு பொருத்தம்! நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைதானும் இல்லை. கனவில் எச்சரிக்கை கிடைத்ததும், இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பியோடினார். அகதித் தந்தை என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. 1870இல் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக அவர் அறிவிக்கப்பட்டார். அதன் 150ஆம் ஆண்டை முன்னிட்டு, 2020 டிசம்பர் முதல் ஓராண்டு காலத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் சூசையப்பர் ஆண்டாகப் பிரகடனஞ் செய்தார்.

இவ்விரு தந்தையருக்கும் பொதுவானது சுமத்தல். நல்லூர்த் தேர்த்திருவிழாவில் சனக்கூட்டத்தின் நடுவே, முருகனின் முகம் தெரிவதற்காக எம்மைத் தோளில் ஏற்றிக்கொண்ட தந்தையரை நாம் மறந்துவிட முடியுமா? தாம் கண்டது முன்னால் நிற்போரின் முதுகை மட்டுமே; எமக்குக் காட்டியது தேரை.

அதே தோள்கள் வேறு சுமைகளையும் சுமந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை தொடங்கி யாழ்ப்பாணம் காலியானபோது, கொட்டும் மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடக்க இலட்சக்கணக்கான மக்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தனர். ஒரு தோளில் பிள்ளை, மறு கையில் முதிய தாய், சைக்கிளின் கரியரில் சாமிப்படமும் அரிசிப் பையும் என்று அன்று நடந்த தந்தையர் இன்று எம்மிடையே முதியவர்களாக இருக்கிறார்கள். 2009இன் முதல் மாதங்களில் நந்திக்கடல் நீரேரியில் நெஞ்சளவு நீரில், பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தவாறு வந்த தந்தையரும் இருக்கிறார்கள். கரை சேர்ந்தவர்களும் உளர். பிள்ளையை மட்டும் கரை சேர்த்தவர்களும் உளர்.

புகலிடத்தில் தந்தை

இந்நாட்டுக்கு முன்னதாக வந்து சேர்ந்தவர்கள் ஆலயங்களைக் கட்டினார்கள். 1985இல் சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பேர்க்கில் இந்திய, இலங்கை அன்பர்கள் சேர்ந்து எழுப்பிய வெங்கடேஸ்வரர் ஆலயமும், 1994இல் மெல்பேர்ண் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயமும், 1999இல் சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் ஆலயமும் குடமுழுக்குக் கண்டன. அதற்கு முன்னர் வாடகை மண்டபங்களில் சாமிப்படத்தை வைத்து வழிபட்டு, முடிந்ததும் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை ஒப்படைத்துத் திரும்பிய குடும்பங்களை நாம் அறிவோம். பகல் முழுவதும் வேலை செய்தவர்கள் மாலையில் உண்டியல் கணக்கும் கட்டட அனுமதிப் பத்திரமுமாக அலைந்தார்கள். இன்று பிள்ளைகள் தேரிழுக்கும் வீதி அவர்களுடைய உழைப்பு.

ஆனால் வெளியே கோபுரம் உயர்ந்த அதே காலத்தில், வீட்டினுள் தந்தையின் நிலை தாழ்ந்து வந்தது என்பதையும் நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊரில் அதிபராகவும் எழுதுவினைஞராகவும் கமக்காரராகவும் தலைநிமிர்ந்து நின்றவர், இங்கே டண்டினோங்கிலோ பெண்டில் ஹில்லிலோ பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறார். முதியோர் இல்லத்தில் நிலம் துடைக்கிறார். இரவில் வாடகைக் கார் ஓட்டுகிறார். உழைப்பில் இழிவு இல்லை. இழிவு வேறிடத்தில் நேர்கிறது. குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் வந்தால் அதனைப் பத்து வயது மகள் வாசித்துப் பொருள் சொல்கிறாள். வைத்தியரிடம் போனால் தந்தையின் நோயை மகன் ஆங்கிலத்தில் விளக்குகிறான். தந்தைக்கு எது சொல்வது, எதை மறைப்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும் நிலை வருகிறது. சிறிது காலத்தில், “உங்களுக்கு ஒண்டும் விளங்காது அப்பா” என்ற சொல் வீட்டில் பழக்கமாகிவிடுகிறது. அந்தச் சொல்லைக் கேட்ட தந்தை பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார். தாம் அறிந்த தேவாரமும், தாம் கேட்ட கதைகளும், தம் ஊர்க் கோவிலின் வரலாறும் அவரோடு சேர்ந்து மௌனமாகின்றன. பிள்ளைகளுக்கு அவர் மாதாந்தக் கட்டணங்களைச் செலுத்துபவராக மட்டும் தெரிகிறார்.

குடும்பத்தின் நம்பிக்கை தளர்வதற்குப் பிள்ளைகளின் ஆங்கிலமோ இந்நாட்டுப் பண்பாடோ முதற் காரணம் என்று பலர் மேடைகளில் முழங்குகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. சுமந்து செல்ல வேண்டியவர் பேச்சிழந்து ஒதுங்கிப்போனதே முதற் காரணம் என்பது எமது துணிபு.

சட்டம் பிரித்த தந்தையர்

ஒதுங்கிப்போன தந்தையரேனும் வீட்டில் இருக்கிறார்கள். வீடே இல்லாத தந்தையரை என்னென்பது?

1999 ஒக்டோபரில் இந்நாடு தற்காலிகப் பாதுகாப்பு வீசாவை அறிமுகஞ் செய்தது. அகதி என ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவர் தம் மனைவி பிள்ளைகளை அழைக்க அந்த வீசா இடமளிக்கவில்லை. 2001 ஒக்டோபர் 19ஆம் நாள் இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட படகொன்று மூழ்கி 353 பேர் மாண்டனர். அவர்களுள் 146 பேர் குழந்தைகள். பலர் இங்கே அந்த வீசாவோடு வாழ்ந்த ஈராக்கியரின் மனைவியரும் பிள்ளைகளும். வேறு வழி இல்லாமையால் தந்தையைத் தேடிக் கடலில் இறங்கியவர்கள். அப்பிள்ளைகள் எமது பிள்ளைகள் அல்லர் என்று சொல்ல எமக்கு மனம் வருமா?

அந்த வீசா 2008இல் நீக்கப்பட்டது. 2014 டிசம்பரில் மீண்டும் வந்தது. இடையில், 2012 ஓகஸ்ட் 13க்குப் பின்னர் படகில் வந்தவர்கள் மனிதாபிமானத் திட்டத்தின் கீழ்க் குடும்பத்தாரை அழைக்கும் வாய்ப்பும் பறிக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில்தான், தற்காலிகப் பாதுகாப்பு வீசா, பாதுகாப்பான புகலிடத் தொழில்முயற்சி வீசா ஆகியவற்றை வைத்திருந்த சுமார் 19,000 பேர் நிரந்தர வீசாவுக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது. விரைவுமுறை விசாரணையில் நிராகரிக்கப்பட்ட பல்லாயிரவர்க்கு அந்த வழி திறக்கவில்லை.

இவை வெறும் திகதிகளாகத் தோன்றலாம். ஒரு தந்தையின் வாழ்க்கையில் வைத்து எண்ணிப் பாருங்கள். 2012இல் எட்டு வயது மகளை விட்டு வந்தவர், நிரந்தர வீசா கிடைத்து அவளை அழைக்கும் தகுதி பெறும்போது அவள் பத்தொன்பது வயதைக் கடந்துவிட்டாள். எமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகரொன்றில் நால்வரோடு ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்ந்தார். நாள்தோறும் வேலை முடிந்ததும், கிளிநொச்சியில் விளக்கு வைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுத் தொலைபேசி எடுப்பார். மறுமுனையில் மகள் தேவாரம் பாடுவாள். தவறினால் திருத்துவார். மற்றவர்கள் உறங்குவதால் போர்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு மெல்லிய குரலில் திருத்துவார். பதினொரு ஆண்டுகள் இது நடந்தது. அந்த மகள் இன்று பண்ணிசை கற்பிக்கிறாளாம். பிள்ளையைத் தோளில் சுமக்கக் கடல் தடுத்தது. குரலால் சுமந்தார். சமயத்தின் காவலர் யார் என்று யாராவது எம்மைக் கேட்டால், அந்தப் போர்வையைத்தான் நாம் காட்டுவோம்.

காணாமற்போன தந்தையர்

ஆடி அமாவாசை வரும்போது சில வீடுகளில் ஒரு பேச்சும் எழாது. போரின் முடிவில் கையளிக்கப்பட்டுக் காணாமலாக்கப்பட்டவர்களின் வீடுகள் அவை. தாய் இன்னும் பொட்டு வைத்திருக்கிறார். மகன் விரதம் பிடித்தால், தந்தை இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிடிக்காவிட்டால், இறந்திருக்கக்கூடிய தந்தையைப் பட்டினி போட்டதாகிவிடும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் இந்த வேதனையோடுதான் தாய்மாரும் மனைவியரும் தந்தையரும் அமர்ந்தார்கள். விடை காணாமலே பலர் காலமாகிவிட்டனர்.

இவ்வீட்டார்க்குச் சமூகத்தில் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். “இவ்வளவு காலமாயிற்று, கிரியையைச் செய்துவிடுங்கள், ஆத்மா அலையும்” என்கிறார்கள். இன்னும் சிலர், “எள்ளிறைத்தால் போராட்டத்துக்குத் துரோகம்” என்கிறார்கள். இரு சாராரையும் நாம் பணிவோடு வேண்டிக்கொள்வது, அந்த வாசலில் மௌனமாக நில்லுங்கள் என்பதே. எள்ளிறைப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே உண்டு. இங்குள்ள ஆலயங்கள் அன்று தர்ப்பணத்துக்குப் புறம்பாக ஒரு தனி விளக்கை ஏற்றிவைக்கலாம். உயிரோடு இருந்தால் நலத்துக்காகவும், இல்லையேல் சாந்திக்காகவும் என்று எவரும் அவ்விளக்குக்கு நெய் வார்க்கலாம். தீபம் இறப்பை ஒப்புக்கொள்வதும் அன்று, மறப்பதும் அன்று.

மதிப்பு எனப்படுவது

தந்தையை மதிக்க வேண்டும் என்று சொல்லும்போது இரண்டு விடயங்களை நாம் மறைக்கலாகாது.

முதலாவது, மதுவுக்கும் கைநீட்டலுக்கும் அடிமையான தந்தையர் எம்மிடையே இருக்கிறார்கள். போரின் காயம் அதற்குக் காரணமாக இருக்கலாம், நியாயமாகாது. கோலைக் கீழே போட்ட சிவபாத இருதயரே எமக்கு முன்மாதிரி. சமயத்தின் பெயரால் மனைவியையும் மகளையும் அச்சுறுத்துபவர் சமயத்துக்குக் காவலர் அல்லர். அத்தகைய வீட்டில் பொறுத்திரு என்று சொல்வதும் எமது நோக்கமன்று.

இரண்டாவது, தந்தை இல்லாத வீடுகளில் தாய்மார் இரண்டு தோள்களாலும் சுமந்திருக்கிறார்கள். செப்டெம்பர் ஞாயிறன்று பிள்ளை செய்த வாழ்த்து மடலைத் தாயிடம் நீட்டினால், அவர் அதைத் தயங்காமல் பெற்றுக்கொள்ளட்டும். அவர் அதற்குத் தகுதியானவர்.

இனி, பிறருக்குச் சொல்லுமுன் எமது குறையையும் சொல்லிவிடுகிறோம். ஊரில் ஆண்டுக்கணக்காக மற்றவர் பிள்ளைகளுக்குச் சைவசமயம் படிப்பித்த நாம், இந்நாட்டில் எமது மகனுக்குச் சொல்லிக்கொடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இரவு வேலை முடித்துக் காலையில் நாம் வீடு திரும்பும்போது அவன் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருப்பான். ஒருநாள் அவன், “அப்பா, ஏன் விபூதி பூசுறீங்கள்?” என்று கேட்டான். களைப்பில், “கேள்வி கேளாமல் பூசு” என்று அதட்டினோம். அதன்பின் அவன் கேட்கவும் இல்லை, பூசவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் சென்றன. கடந்த ஆடி அமாவாசையன்று எள்ளிறைத்துவிட்டுத் திரும்பும் வழியில், காரில் அவன் அருகிலிருக்க, கீரிமலையில் எமது தந்தையாரின் உதடுகள் நடுங்கியதைச் சொன்னோம். வன்னிக் கொட்டிலில் அவர் காலமானதையும் சொன்னோம். வீடு வந்த பின்னும் அவன் காரை விட்டு இறங்கவில்லை. “இதை ஏன் முந்தியே சொல்லயில்லை?” என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வியை நாம் அதட்டவில்லை.

ஆகவே எமது வேண்டுகோள்கள் எளியவை. ஆடி அமாவாசை ஜூலை நடுப்பகுதிக்கும் ஓகஸ்ட் நடுப்பகுதிக்கும் இடையில் வருகிறது. செப்டெம்பரின் முதல் ஞாயிறு அதற்குச் சில வாரங்களின் பின் வருகிறது. முன்னதில் மறைந்த தந்தையை நினைப்போம். பின்னதில் இருக்கும் தந்தையைக் கேட்போம். பிள்ளைகள் அன்று ஒரு கொப்பியோடு தந்தையின் அருகில் அமரட்டும். அவருடைய ஊர்க் கோவில் எது, அவருடைய தந்தை யார், எதைச் சுமந்துகொண்டு எதை விட்டுவிட்டு வந்தார் என்ற மூன்றையும் கேட்டு எழுதட்டும். தமிழில் எழுத இயலாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுதாமல் விடுவதுதான் இழப்பு.

தந்தையர் வாரத்தில் ஒரு மாலையையாவது பிள்ளைகளோடு விளக்கின் முன்னோ திருச்சிலுவையின் முன்னோ பத்து நிமிடம் அமர வேண்டும். மனப்பாடம் போதாது. பொருளைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். பிள்ளை அதற்காக உங்களைக் குறைவாக நினைக்காது.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்தியசாலைக்கும் அலுவலகங்களுக்கும் அழைத்துச் செல்வதை இயன்றவரை தவிருங்கள். அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவுபகல் எந்நேரமும் இயங்குகிறது. தமிழ் வேண்டும் என்று கேட்டால் போதும். தந்தையின் நோயும் கடனும் பிள்ளையின் வாயால் வெளிவர வேண்டியதில்லை.

குடும்பத்தைப் பிரிந்து தனித்து வாழும் தந்தையரை விழாநாட்களில் வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் பிள்ளைகளின் குரலைக் கேட்பதே அவர்களுக்கு ஒரு வேளை விருந்து.

இறுதியாக, கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கு. மகளே, உயிரோடு இருக்கும் அப்பாமாருக்கு எது நாள் என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமையும் உன் அப்பாவுக்கு வேலை என்றாய். அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நாள் எதுவோ, அதுதான் நாள். அன்று மாலை விளக்கை நீ தனியே ஏற்றிவிடாதே. அவர் கை கால் கழுவிக்கொண்டு வரும்வரை சற்றுக் காத்திரு. தீப்பெட்டியை அவர் கையில் கொடு.